ரிப்பீட் அக்கா

அந்தம்மாவை முதல் ஆறு மாதம் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நேரில் இல்லை, அதற்கெல்லாம் எனக்குத் துணிச்சல் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்பவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு, உள்ளுக்குள் திட்டினேன்.

மதுரையில் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கிற ஒரு தெருவில் எங்கள் பரிசோதனைக்கூடம் இருந்தது. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதைத் துண்டு எங்களிடம் வரும். அது புற்றா, வெறும் கட்டியா என்று நாங்கள் சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்பது ஒரு பெருமைக்குத்தான். என் வேலை ரிப்போர்ட்டை டைப் அடிப்பது, கவுண்டரில் கொடுப்பது, ரிப்போர்ட் வராத நாளில் ஏச்சு வாங்குவது. துண்டை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது உள்ளறைக்காரர்களின் வேலை. அந்த உள்ளறை அந்தம்மாவின் ராஜ்ஜியம்.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு முப்பத்துமூன்று. ஒத்தக்கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வந்ததும் தலையில் இருக்கும் பூவை எடுத்து, ஈரப்பஞ்சு போட்ட பழைய டப்பா மூடி ஒன்றில் வைத்து ஜன்னலோரம் விட்டுவிடுவார். “ஒரு துளி மகரந்தம் ஸ்லைடுல விழுந்துச்சுன்னா அது என்னன்னு யாரு பதில் சொல்றது?” என்பார். சாயங்காலம் அதே பூவை மறுபடி வைத்துக்கொண்டு கிளம்புவார்.

கவுண்டரில் பத்துப் பேர் நிற்பார்கள். எல்லாரும் பஸ் ஏறி வந்தவர்கள், எல்லாருக்கும் பயம். பயந்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். “நேத்தே வரச் சொன்னீகளேய்யா!” என்று ஆரம்பிப்பார்கள். நான் உள்ளே போன் போடுவேன்.

“அக்கா, அந்தக் கேஸ் ரெடியா?”

“ரிப்பீட் போட்ருக்கேன் தம்பி. நாளைக்கு வரச் சொல்லு.”

“ஸ்லைடு வந்துருச்சுன்னாங்களே?”

“வந்துச்சு. பாத்தேன். சரியில்ல. ரிப்பீட்.”

போன் வைத்துவிடுவார். அந்த ‘நாளைக்கு’ என்பதை நான் பத்துப் பேர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இப்படித்தான் அவருக்கு ‘ரிப்பீட் அக்கா’ என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் கூட்டுகிறவர் முதல் முதலாளிவரை எல்லார் வாயிலும் அது ஏறிவிட்டது. அவருக்கும் தெரியும். “பேரு வச்சவன் சோறு வைப்பானான்னு பாக்குறேன்” என்று என் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியைச் சட்னியில் தோய்த்து எடுத்துக்கொள்வார். வாயில் போட்டதும், “ஏண்டா, இதுல காரமே இல்லையே?” என்று முகத்தைச் சுளிப்பார். எங்கள் வீட்டுச் சமையலில் காரம் இருக்காது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு மார்பில் கட்டி. ஊசியால் குத்தி எடுத்த சின்னத் துண்டு வந்திருந்தது. ஸ்லைடின் ஒரு ஓரத்தில் புற்று அணுக்கள் கொஞ்சம் தெரிந்தன. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அக்கா அந்த ஸ்லைடை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுக்கவில்லை.

“இந்தத் துணுக்கு இந்த வீட்டுப் பிள்ளை மாதிரி இல்லையே டாக்டர்” என்றார்.

மெழுகோடு சேர்த்துச் சீவிய இழையை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவார்கள். ஒருவருடையது முடிந்ததும் தண்ணீரின் மேல்பரப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், முன்னால் போனவரின் துணுக்கு மிதந்து வந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குச் சீவிய டெக்னீஷியன் அவசரத்தில் ஒற்ற மறந்திருக்கிறார். அக்கா அந்தப் பெண்ணின் மெழுகுக் கட்டியை எடுத்து இன்னும் ஆழமாகச் சீவிக்கொண்டே போனார். எந்த இழையிலும் புற்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் சீவிய வேறொருவரின் மெழுகுக் கட்டியை எடுத்து வைத்துப் பார்த்தார். அதே அணுக்கள் அச்சு அசலாக அங்கே இருந்தன.

மறுநாள் ‘வெறும் கட்டிதான்’ என்ற ரிப்போர்ட்டை நான் கொடுத்தபோது அந்தப் பெண் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு நாள் தாமதமானதற்கு முந்தின சாயங்காலம் அவர் புருஷன் என்னை ஏசியிருந்தார். அவரே அன்றைக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி நானும் தலையாட்டினேன்.

உள்ளே அந்த டெக்னீஷியன் சுவரோரம் ஒதுங்கி நின்றார். வேலை போய்விடும் என்று நினைத்தார் போல. அக்கா அவரிடம் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“தப்பு நடக்கும்யா. நாள் பூராச் சீவுறோம், நடக்காம இருக்குமா? பாத்த பெறகும் பேசாம இருந்தாத்தான் குத்தம்.”

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துத் தண்ணீரை ஒற்றிப் போட்டார். அடுத்த கட்டிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் திட்டுவதைப் பாதியாகக் குறைத்தேன்.

வெளியிலும் இந்தக் குணம் அவரை விடாது. எங்கள் கூடத்துக் காசாளர் பெண்ணின் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் ஊரில் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலு வெள்ளைச் சட்டைகள். அவருக்கு இலையை நுனி வலப்பக்கம் வருகிற மாதிரி மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவரும் கவனிக்கவில்லை, வெள்ளைச் சட்டைகளும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களோ வாயைத் திறக்கவில்லை. அக்கா எழுந்தார். நான் சேலையைப் பிடித்து இழுக்காத குறை. “யக்கா, விடுங்க, நமக்கென்ன?” என்றேன். அவர் போய், உப்பு வைத்திருந்த இலையை அப்படியே சுற்றித் திருப்பி, “இப்பச் சாப்பிடுங்கய்யா” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒரு கணம் முழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை.

சில வருஷங்களில் எங்கள் கூடத்துக்கு ஒரு புதுப் பரிசோதனை வந்தது. நாலு சின்னக் குப்பிகள், ஐஸ் பெட்டியில். நாலு புரதங்களைத் தேடிப் பிடிக்கிற நாலு மருந்துகள். அந்தப் புரதங்களுக்கு எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்று டவுன் பஸ் நம்பர் மாதிரிப் பெயர்கள். குடல் புற்றுநோய்த் துண்டு வந்தால் இந்த நாலையும் போட்டுப் பார்க்க வேண்டும். புரதம் இருந்தால் அணுவின் நடு பழுப்பாகும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும்.

மருந்து சொட்டுக் கணக்கில்தான் வரும். அக்கா அதிலும் ரிப்பீட் போட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். டீ குடிக்கும்போது நான் முதலாளிக்கு வக்காலத்து வாங்கினேன்.

“பழுப்பு வரலைன்னா ‘இல்லை’ன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானேக்கா? எதுக்கு இம்புட்டு இழுவை?”

“சாயம் பிடிக்காத ஸ்லைடும் நீலமாத்தான் இருக்கும், புரதம் இல்லாத அணுவும் நீலமாத்தான் இருக்கும். பக்கத்துல இருக்குற நல்ல அணு பழுப்பாயிருக்கான்னு பாக்கணும். அது பழுப்பு, இது நீலம்னாத்தான் நிசமாவே இல்லைன்னு அர்த்தம். அதைப் பாக்காம ‘இல்லை’ன்னு நான் எப்படிய்யா சொல்லுவேன்?”

“அப்படி என்ன பெரிய புரதம்?”

அவர் தன் சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து விரல்களுக்கு நடுவில் ஓட்டிக் காட்டினார்.

“ஒரு அணு ரெண்டா ஆகும்போது உள்ள இருக்குற எழுத்து அம்புட்டையும் காப்பி எடுக்கணும். கோடிக்கணக்குல எழுத்து. எங்கயாச்சும் ஒன்னு மாறி விழுந்துரும். இந்த நாலு பேருல ரெண்டு பேரு நூலைத் தடவிக்கிட்டே போவாங்க. பொருந்தாத எடம் வந்தா கையில தட்டும். ஒடனே நின்னு, அடுத்த ரெண்டு பேரைக் கூப்பிடுவாங்க. அவங்க ஏற்பாட்டுல அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, அந்த எடத்தை மட்டும் புதுசா எழுதுவாங்க. ராத்திரி பகல் இதே சோலி. ஜோடியில பெரியவரு இல்லைன்னா மத்தவரும் நிக்க மாட்டாரு, கரைஞ்சு போயிருவாரு.”

நான் அவரையே பார்த்தேன்.

“என்னடா பாக்குற?”

“ஒன்னுமில்லக்கா. உள்ள இருக்குற அந்த நாலு பேரும் ஒத்தக்கடைக்காரவுகளோன்னு பாத்தேன்.”

கையிலிருந்த டீ டம்ளரை ஓங்கினார். சிரித்துவிட்டார்.

இனி எங்கள் வீட்டுக் காரக் கதை. எங்களுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். அப்பா நாற்பத்தாறு வயதில் வயிற்று நோவால் போனார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. அடுத்த வருஷமே சித்தப்பா, அவருக்கு நாற்பத்துமூன்று. அத்தைக்குக் கர்ப்பப்பையில். அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவுக்கு அம்மா வைக்கும் குழம்பு சிவப்பாக இருக்க வேண்டும், நாக்கைச் சுட வேண்டும். அந்தக் காரம்தான் குடலை அரித்துவிட்டது என்பது அம்மாவின் தீர்ப்பு. அன்றோடு எங்கள் வீட்டில் மிளகாய் நின்றது. இருபத்தைந்து வருஷம்! எங்கள் பக்கத்தில் காரமில்லாமல் ஒரு வீடு நடப்பதென்றால் சொந்தக்காரர்கள் கேலி செய்யாமல் இருப்பார்களா? “உங்க வீட்டுச் சோறு ஆஸ்பத்திரிச் சோறுடா மாப்ள” என்பார்கள். பொறுத்துக்கொண்டோம். உயிர் மிஞ்சினால் போதும் என்றிருந்தோம்.

அப்படி இருந்தும், நாற்பத்தெட்டு வயதில் அண்ணனுக்குக் குடலில் கட்டி வந்தது.

மதுரையிலேயே ஆபரேஷன் நடந்தது. நல்லவேளையாகக் கட்டி குடலைத் தாண்டவில்லை. துண்டு எங்கள் கூடத்துக்கே வந்தது. நாலு புரதமும் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். அவை குறைந்திருந்தால் நோய் பரம்பரையாக வந்திருக்கலாம். அண்ணன் பிள்ளைகள், என் மகன், சித்தப்பா மகன் எல்லாருக்கும் அதே வாசல் திறந்திருக்கலாம். நாலும் இருந்தால் இது அண்ணனோடு முடிந்த கதை. ரிசல்ட் வருகிற வரை இரண்டு நாளும் நான் சாமியைத் தவிர வேறு யாரோடும் பேசவில்லை.

டாக்டர் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டியிருந்தது. “நாலும் இருக்குப்பா, நல்லாப் பழுப்பா இருக்கு. சந்தோசமா அடி” என்றார். என் அண்ணன் ரிப்போர்ட்டை நானே அடித்தேன். எழுத்து மாறி விழுந்து மூன்று தடவை அழித்து அடித்தேன். மதினிக்குப் போன் போட்டேன். அவர் அழுதுகொண்டே அம்மாவிடம் கொடுத்தார். “குடும்ப நோய் இல்லையாம்மா” என்றேன். அம்மா சாமி விளக்கை ஏற்றப் போனார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா கவுண்டருக்கே வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை.

“தம்பி, அண்ணன் ரிப்போர்ட்டைக் கையில வச்சிரு. குடுக்காத.”

“ஏன்?”

“ரிப்பீட் போடணும்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருஷம் உள்ளுக்குள் திட்டியதெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கூட்டத்துக்கு முன்னால் கத்தினேன்.

“மனசுன்னு ஒன்னு இருக்காக்கா ஒங்களுக்கு? டாக்டரே பாத்துச் சொல்லிட்டாரு. வீட்டுல சொல்லிட்டேன். எங்கம்மா வெளக்கு ஏத்திட்டு நிக்குது. என் வீட்டு விசயத்துலயுமா ஒங்க வேலையக் காட்டணும்?”

அவர் அசையவில்லை.

“நீ சொன்னது தப்பா இருந்துச்சுன்னா ஒன் மகனுக்கு யாருடா சொல்லுவா?”

நான் ரிப்போர்ட்டை மேஜை டிராயருக்குள் வைத்தேன்.

அவர் அன்றே புதிதாகச் சீவி, புதிதாகச் சாயம் ஏற்றினார். மறுநாள் காலை டாக்டர் வந்ததும் ஸ்லைடோடு போனார். ஒரு டெக்னீஷியன் டாக்டரிடம் ‘நீங்கள் பார்த்தது தப்பு’ என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்லைடின் மேல் மை பேனாவால் கடுகளவு மூன்று புள்ளி வைத்து, “டாக்டர், இந்த மூணு எடத்தை மட்டும் ஒருக்கா பாருங்க, எனக்கு வெளங்கல” என்பார். விளங்காமல் இல்லை, விளங்கியதைச் சொல்லும் முறை அது.

நான் கதவோரம் நின்றேன். டாக்டர் முதல் புள்ளியைப் பார்த்தார். பெரிய லென்சைத் திருப்பிப் போட்டார். இரண்டாவது புள்ளி. மூன்றாவது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பழுப்பா இருக்குறதெல்லாம் ரத்தத்துலருந்து வந்து புகுந்த வெள்ளை அணுங்க” என்றார் மெதுவாக. “கட்டியோட அணு ஒன்னுகூடப் பழுப்பா இல்ல. எல்லாம் நீலம். கூட்டம் கூட்டமா விருந்தாளி இருந்ததுல வீட்டுக்காரனை நான் பாக்காம விட்டுட்டேன்மா.”

இப்படிப்பட்ட கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் நிறையப் புகுந்திருக்குமாம். அவை நல்லவை, எல்லாப் புரதமும் உள்ளவை. அதனால் பழுப்பாகும். அவசரக் கண்ணுக்கு முழு ஸ்லைடும் பழுப்பாகத் தெரியும். நாலில் இரண்டு என் அண்ணன் கட்டியில் இல்லை. நூலைத் தடவிப் போகிற ஜோடி.

டாக்டர் நல்ல மனிதர். எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, “நேத்து நான் சொன்னது தப்பு தம்பி. மன்னிச்சிருப்பா” என்றார். நான் மாடிப்படிக்குப் போய் அழுதேன். அக்கா வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

“நல்ல சேதியப் பிடுங்கிட்டீங்களேக்கா” என்றேன்.

“அது நல்ல சேதி இல்லடா. அதைக் கொண்டுபோய்க் குடுத்திருந்தா, இன்னும் இருபது வருசத்துக்கு மிளகாயைக் குத்தம் சொல்லிக்கிட்டே ஒவ்வொருத்தரா போயிருப்பீக. இப்ப ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நாம விட மாட்டோம்ல.”

அந்த ‘நாம’ என்ற சொல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அண்ணனின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பி, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து நாங்கள் எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்பா அம்மா யாருக்கு அது இருந்தாலும், பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் ஊரில் ஒருத்தரும் அசையவில்லை. “இல்லாத நோயை ஊசி குத்தித் தேடணுமா?” என்றார் அம்மா. திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் என் போனையே எடுக்கவில்லை. அவனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

இதைக் கேட்டதும் அக்கா, “ஞாயித்துக்கிழமை வாரேன்” என்றார். வந்தும் விட்டார். ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. எங்கள் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சித்தப்பா மகன் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான்.

“நீங்க டாக்டரா?”

“இல்லப்பா. துண்டு சீவுறவ.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் கொடியில் காய்ந்த அவனுடைய சட்டையை எடுத்தார். பித்தான்களை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டே போனார். கீழே ஒரு பக்கம் தொங்கியது.

“இதை மாட்டிக்கிட்டு கடைத்தெருவுக்குப் போனா?”

“எவனாச்சும் சொல்லுவான்.”

“எல்லாரு உடம்புலயும் அப்படிச் சொல்றதுக்கு ஆளு உண்டு. அப்பா வழியில ஒன்னு, அம்மா வழியில ஒன்னு. ஒங்க வீட்டுல சில பேருக்கு ஒரு ஆளுதான் வந்திருக்கு. அந்த ஒருத்தரும் எங்கயாச்சும் ஒரு அணுவுல விழுந்துட்டா, அங்க கேக்க நாதி இல்ல. அதனால வெளியில இருந்து நாம போய்ப் பாக்கணும். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்தா, கட்டி ஆகுறதுக்கு முன்னாடியே, சின்னப் பருவா இருக்கும்போதே கிள்ளிரலாம்.”

“எங்கப்பனுக்கு ஏன் கிள்ளல?”

அக்கா பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“அப்ப யாரும் பாக்கல தம்பி. அது ஒங்கப்பா தப்பும் இல்ல, ஒங்க சாப்பாட்டுத் தப்பும் இல்ல.”

அடுப்படி வாசலில் நின்ற அம்மா மெல்ல வெளியே வந்தார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“அப்ப நான் வச்ச கொழம்பு இல்லையா தாயி?”

“இல்லம்மா.”

“நெசமாவா? அவரு கேட்டாருன்னு நாந்தான் அள்ளி அள்ளிப் போட்டேன்.”

“உங்க கொழம்புக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லம்மா. நான் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்.”

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். கணவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக இருபத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டே எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. நான் வெட்கப்பட்டேன். இன்னும் வெட்கம்தான்.

அன்று மதியம் அம்மா பக்கத்து வீட்டில் மிளகாய் வாங்கிவந்து அரைத்தார். ரத்தச் சிவப்பில் ஒரு குழம்பு வைத்தார். அண்ணன் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அக்கா கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டார். “இப்பத்தான்யா இது மதுரை ஜில்லா வீடு” என்றார். அக்கா வண்டி ஏறும்போது சித்தப்பா மகன் என் பக்கத்தில் வந்து, “எப்ப வரணும்ணே?” என்று கேட்டான்.

ஒன்பது பேர் ரத்தம் கொடுத்தோம். ஐந்து பேருக்கு இருந்தது, எனக்கும் சேர்த்து. நாலு பேருக்கு இல்லை. என் மகன் வயது வந்த பிறகு பார்த்தோம், அவனுக்கும் இல்லை. சித்தப்பா மகனுக்குக் குடலில் மூன்று பருக்கள் இருந்தன. மூன்றையும் எடுத்தார்கள். அந்தத் துண்டுகளும் எங்களிடமே வந்தன. அக்கா போனில் கூப்பிட்டார். “ஒன்னு கெடப் பாத்துருக்கு, இன்னும் கெடல. சரியான நேரத்துல எடுத்தாச்சு. போன் போட்டுச் சொல்லிரு.” அவனுக்குச் சொன்னேன். அவன் டயர் கடையில் சத்தம் போட்டது போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

இப்போது எங்கள் குடும்பத்தில் பொங்கல் முடிந்ததும் இன்னொரு விசேஷம் உண்டு. வருஷா வருஷம் அண்ணனோடு சேர்த்து ஆறு பேரும் ஒன்றாகத் தேதி வாங்கி ஒரே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் உப்பு மருந்து குடிக்க வேண்டும். ஒரே வீட்டில் ஆறு பேர், இரண்டு கக்கூஸ். அந்தக் கூத்தை எழுதினால் நாகரிகமாக இருக்காது. அத்தை மகள் கர்ப்பப்பைக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வருவாள். திரும்பும்போது கடையில் பரோட்டாவும் சால்னாவும். யார் குடலில் எத்தனை கிள்ளினார்கள் என்று சத்தமாகப் பேசிக்கொள்வோம். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்த நோயால் ஒருத்தரும் சாகவில்லை. நான் அப்பாவின் வயதைத் தாண்டி நாலு வருஷம் ஆகிறது.

அக்கா சில வருஷங்களுக்கு முன் வேலையை மாற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. அங்குள்ளவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. எங்கள் கூடத்தில் அவர் போன மறுநாள் ஒரு ரிப்போர்ட் கூடத் தாமதமாகவில்லை. நான்தான் உள்ளே போன் போட்டு, “எல்லாம் ஒழுங்காப் பாத்தீங்களாப்பா?” என்று கேட்டேன்.

போன மாதம் அண்ணனுக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணம் செய்தே தீர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அக்காவுக்குப் பத்திரிகை கொண்டுபோய் நானே கொடுத்தேன். வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கூட்டத்தின் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணனையும் மதினியையும் மணையில் உட்கார வைத்து, கலச நீரை எடுத்து வைத்துவிட்டு, ஐயர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“மொதல் கலசம் யாரு விடணும்மா? உங்க குடும்பத்துல எப்படி வழக்கம்?”

அம்மா முழித்தார். என்னைப் பார்த்தார். நான் சித்தப்பா மகனைப் பார்த்தேன். அவன் மதினியின் அண்ணனைப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை அந்த வயதைத் தொட்ட ஆண்பிள்ளை கிடையாது.

அண்ணன் மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

“எங்க வீட்டுல வழக்கம்னு ஒன்னு இல்ல சாமி. நாந்தான் மொத ஆளு. இன்னைக்கு வச்சதுதான் இனிமே வழக்கம்.” கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி, பின்னால் பார்த்துக் கூப்பிட்டார். “தங்கச்சி, இங்க வாம்மா. நீ ஊத்து.”

அக்கா எழுந்திருக்கவில்லை. “நான் உறவு இல்லையேண்ணே” என்றார். அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கலசத்தை வாங்கியதும் தண்ணீரில் மிதந்த ஒரு தூசியை விரலால் ஒற்றி எடுத்தார். ஒரு இழை நடுங்காமல் சீவுகிற கை. அண்ணன் தலையைக் குனிந்துகொடுத்தார். அக்கா ஊற்றினார். அடுத்த கலசத்துக்குச் சித்தப்பா மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். எப்படிச் செய்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம், அவனுக்குத் தேவைப்படுமாம்.